பக்கவாதம் வந்த அப்பாவை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கலாமா?

கமாயுட்_மகள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரங்கூனில் இருந்து எழுதுகிறேன். கரண்ட் போவதற்குள் எழுதி முடிக்க வேண்டும், அதனால் சுற்றி வளைக்கவில்லை.

என் அப்பா இங்கே ஒரு சின்ன தமிழ் பாப்டிஸ்ட் சபையின் போதகர். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டும்போது வலது கை தொங்கிவிட்டது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு நின்றது. ஸ்கேன் எடுத்தார்கள், மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு என்றார்கள். இப்போது கோல் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். நாம் பேசுவது புரிகிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவருக்கு இரண்டு சொல் சேர்ந்து வருவதற்குள் வியர்த்துப் போகிறது. தண்ணீர் கேட்க நினைத்துச் "செருப்பு" என்கிறார். தப்பாகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிகிறது, உடனே அழுகை வந்துவிடுகிறது. என் வயதுக்கும் மேலாகப் பிரசங்கம் செய்தவர்.

விஷயம் இதுதான். ஜூலையில் ஜட்சன் தினம் வருகிறது, பர்மாவுக்கு வந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி அதோனிராம் ஜட்சனை நினைக்கிற நாள். அன்றைக்கு அப்பா மேடையேறி, கர்த்தர் தன்னை எழுப்பினார் என்று சபைக்கு முன்னால் ஐந்து நிமிடமாவது சாட்சி சொல்ல வேண்டும் என்று கமிட்டி கேட்கிறது. அம்மா ஒரேயடியாக முடியாது என்கிறார். அண்ணன், சபை கேட்டால் செய்யத்தான் வேண்டும் என்கிறான். அப்பாவிடம் கேட்டால் தலையாட்டுகிறார், அது ஆமாவா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் சபைகளில் இந்த மாதிரி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

பெகுவாசி

சகோதரி, உங்கள் அப்பாவுக்காக ஜெபிக்கிறோம். ஆனால் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், சாட்சி சொல்லட்டும். நாலு சொல் திக்கித் திணறி வந்தாலும் அது நாலு சொல்தான். நர்கிஸ் புயல் 2008 மே மாதம் அடித்தது, ஐராவதி டெல்டாவில் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் ஒரு லட்சத்துக்கும் மேலே. அந்த வருஷம் எங்கள் சபையில் வீடு போனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எழுந்து நின்று பேசினார்கள். பேசினார்கள் என்று சொல்வதைவிட அழுதார்கள் என்று சொல்லலாம். அதைக் கேட்டுத்தான் மற்றவர்களுக்கு உயிர் வந்தது. பவுலுக்கு மாம்சத்தில் முள் எடுபடவே இல்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் கிடைத்தது. முள்ளோடுதான் அவர் ஊழியம் செய்தார், முள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. கதரேனர் நாட்டில் பிசாசு பிடித்திருந்தவனுக்கு ஆண்டவர் சொன்னது என்ன? போய் அறிவி என்றார். ஓய்வு எடு என்றா சொன்னார்?

மோல்மேன்_பேரன்

அண்ணே, அந்த மாற்கு 5ஐ இன்னொரு தடவை படியுங்கள். "உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப்போய்" என்றுதான் ஆரம்பிக்கிறது. வீட்டுக்குத்தான் அனுப்புகிறார். அதே மாற்கு 1இல் குஷ்டரோகி சுகமானதும், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாதே என்கிறார். மாற்கு 2இல் கூரையைப் பிரித்து இறக்கின திமிர்வாதக்காரன் முதலில் இருந்து கடைசி வரை ஒரு வார்த்தை பேசினதாக எழுதியிருக்கவில்லை. ஆண்டவர் பார்த்ததும் அவனைச் சுமந்துவந்த நாலு பேருடைய விசுவாசத்தை. அவனுக்குக் கிடைத்த கட்டளை, படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ.

ஒரே சுவிசேஷத்தில் மூன்று பேருக்கு மூன்று விதம். ஒருவனுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் மேடையேற்றக் கூடாது. இதற்கு மேல் ஜட்சன் தினம் என்று வேறு சொல்கிறீர்கள். அதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ராத்திரி எழுதுகிறேன்.

சயாமா_ஓய்வு

மகளே, நான் பல வருஷம் வார்டு நர்ஸாக இருந்தவள். வேத வாக்குவாதத்தை அண்ணன் தம்பிகளிடமே விட்டுவிடுகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு இருப்பதை அஃபேசியா என்பார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கவனிக்கிற பகுதி மூளையின் இடது பக்கம், அங்கே அடைப்பு வந்தால் வலது கையும் பேச்சும் சேர்ந்தே போகும். புத்தி போகவில்லை, பைபிள் மறந்து போகவில்லை, இதைச் சபையில் எல்லோரும் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சாமான் எல்லாம் வீட்டுக்குள்தான் இருக்கிறது, சாவி மட்டும் கைக்கு அகப்படவில்லை. அதனால்தான் தண்ணீர் செருப்பாகிறது. இதில் ஆமா, இல்லை என்பதுகூட மாறி வரும், அவர் தலையாட்டுவதை வைத்துச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒரு தாளில் மேடைப் படம், இன்னொரு தாளில் வீட்டு நாற்காலிப் படம் வரைந்து காட்டி எது வேண்டும் என்று தொட்டுக் காட்டச் சொல். சிறிது நேரம் கழித்துக் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேள், இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால்தான் அது பதில்.

அழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் என் முன்னால் சொல்லச் சொல். மூளைக் காயத்தாலேயே துக்கம் இல்லாமலும் அழுகை பொங்கி வருவது உண்டு, அது வேறு, வைத்தியர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தால் ஒரு வாரத்தில் எதுவும் தெரியாது, நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது. "ஜெபம் பண்ணியாச்சு, இனி மாத்திரை எதற்கு" என்று பேசுகிற மாமிகளை வாசலோடு அனுப்பிவிடு.

பேச்சு முதல் சில மாதங்களில் வேகமாகத் திரும்பும், அப்புறம் மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது, வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று கேட்கிறேன், ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி பர்மியத்திலா கொடுத்தார்கள்?

கமாயுட்_மகள்

ஆமாம் சயாமா, எல்லாம் பர்மியத்தில்தான். கிளாஸ், பூனை, குடை என்று படம் காட்டிக் கேட்டார்கள். அப்பா வீட்டில் தமிழ்தான் பேசுவார், பிரசங்கமும் தமிழ்தான். கடையிலும் ஆபீசிலும் மட்டும் பர்மியம்.

சயாமா_ஓய்வு

அப்படியென்றால் வீட்டில் தமிழில் ஆரம்பியுங்கள். பல மொழி பேசுகிறவர்களுக்கு எல்லா மொழியும் ஒரே அளவில் திரும்புவதில்லை, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அப்புறம், அவரைப் பாட வைத்துப் பார்த்தீர்களா? பேச முடியாதவர்கள் பாட்டில் சொற்களை முழுசாகச் சொல்வது உண்டு. கர்த்தருடைய ஜெபம், ஒன்று முதல் பத்து, கிழமைப் பெயர்கள், இந்த மாதிரி மனப்பாடமாக ஓடுகிறவையும் வரும். இடது கையால் தாளம் தட்டிக்கொண்டு சின்னச் சின்ன வாக்கியத்தை ராகமாக இழுத்துச் சொல்லப் பழக்குகிற சிகிச்சையே ஒன்று இருக்கிறது, 1970களில் பாஸ்டன் நகரில் உருவாக்கினது. அப்பா தலைமுறைப் போதகர்களுக்குக் கீர்த்தனை எவ்வளவு மனப்பாடம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாடினால் பேச்சு வந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடாதீர்கள், இரண்டும் வேறு.

மோல்மேன்_பேரன்

சரி, ஜட்சன் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு ஜூலையிலும் நம் மேடைகளில் என்ன கேட்கிறோம்? 1813 ஜூலை 13இல் ரங்கூனில் வந்து இறங்கினார், ஆறு வருஷம் ஒருவர்கூட வரவில்லை, 1819இல் மவுங் நாவ் ஞானஸ்நானம் எடுத்தார். 1824இல் இங்கிலீஷ்காரனோடு யுத்தம் வந்ததும் தலைநகர் ஆவாவில் பிடித்துச் சிறையில் போட்டார்கள், ராத்திரியில் காலை மூங்கிலில் மாட்டி மேலே தூக்கிவிடுவார்கள், தோளும் தலையும் மட்டும்தான் தரையில் படும். அவருடைய மனைவி ஆன் புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அப்புறம் அமரபுரா பக்கத்தில் அவுங்பின்லே சிறை. விடுதலை. உடனே பிரசங்கி 1834க்குத் தாவிவிடுவார், பைபிள் முழுவதும் பர்மியத்தில் முடிந்தது, அல்லேலூயா, காணிக்கைப் பை வருகிறது.

நடுவில் இருக்கிற வருஷங்களை யாரும் தொடுவதில்லை. 1826 அக்டோபர் 24இல் ஆன் அம்ஹெர்ஸ்டில் இறந்தார், இன்றைக்குக் கயைக்காமி என்கிறோமே அந்த ஊர்தான். ஜட்சன் அப்போது பக்கத்தில் இல்லை, இங்கிலீஷ் தூதுக் குழுவோடு மொழிபெயர்க்க ஆவாவுக்குப் போயிருந்தார். ஆறு மாதத்தில் இரண்டு வயதுக் குழந்தை மரியாவும் போய்விட்டாள். அவுங்பின்லேயில் ஆனுக்குக் காய்ச்சல் வந்து பால் நின்றபோது, சிறைக்காரன் அனுமதி கொடுக்க, விலங்கோடு ஊருக்குள் போய்ப் பால் கொடுக்கிற தாய்மார்களிடம் கெஞ்சிக் கெஞ்சிக் காப்பாற்றின குழந்தை அது.

அதற்குப் பிறகு மனுஷன் உடைந்து போனார். அமெரிக்காவில் கொடுத்த டாக்டர் பட்டம் வேண்டாம் என்று எழுதினார், தன்னைப் புகழ்ந்து வந்த கடிதங்களை அழித்தார். மோல்மேனுக்கு வெளியே காட்டில் ஒரு குடிசை போட்டு, ஆன் இறந்த அதே தேதியில், 1828 அக்டோபர் 24இல், அதில் தனியாகக் குடியேறினார். புலி நடமாடின காடு. அங்கே தனக்கென்று ஒரு குழியைத் தோண்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து, செத்த பிறகு உடம்பு எப்படி அழுகும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் எழுதின கடிதத்தில், தேவன் இருக்கிறார் என்று நம்புகிறேன், ஆனால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிற கருத்தில் எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் மெதுவாக எழுந்தார். 1830இல் ப்ரோம் ஊருக்குப் போனார், அப்புறம் கரேன் மக்கள் இருந்த காடுகளுக்குப் போனார், 1834 ஜனவரி 31இல் மொழிபெயர்ப்பை முடித்தார்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் குழி ஓரத்தில் இருந்தவரை 1829இல் ஒரு கமிட்டி வந்து "சயா, ஐந்து நிமிடம் சாட்சி" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? என் தாத்தா காலத்தில் இருந்து மோல்மேனில் இருக்கிறோம், அந்தக் குடிசைக் கதையை எங்கள் மேடையில் நான் கேட்டதே இல்லை, நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சிறையைச் சொல்வதற்கு நமக்குப் பெருமை. சிறையில் அவர் வீரர். காட்டில் அவர் நோயாளி. நோயாளியை மேடைக்குக் கொண்டுவர நமக்குத் தெரியவில்லை, அதனால் கதையில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டோம். உங்கள் அப்பா இப்போது வெட்டப்படுகிற அந்தப் பகுதியில்தான் இருக்கிறார் அக்கா.

பெகுவாசி

தம்பி நன்றாக எழுதியிருக்கிறார், குடிசை விஷயம் எனக்கும் தெரியும். ஆனால் அவர் வெளியே வந்தாரே, அதை ஏன் வேகமாகத் தாண்டிப் போகிறீர்கள்? காடு வழியாக நடந்து பிரசங்கம் செய்யப் போன பிறகுதான் முகம் தெளிந்தது. வேலைதான் அவரைத் தூக்கிவிட்டது. போதகரை நாற்காலியில் உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டே இருந்தால் எழுந்திருப்பாரா?

மோல்மேன்_பேரன்

வேலை தூக்கிவிட்டது என்று எப்படி அண்ணே முடிவு கட்டுகிறீர்கள்? கொஞ்சம் தெளிந்த பிறகு வேலைக்குப் போனார் என்றும் சொல்லலாமே. லண்டன் பாப்டிஸ்ட் போதகர் ஸ்பர்ஜனை எடுத்துக்கொள்ளுங்கள், நம் போதகர்கள் மேற்கோள் காட்டாத ஞாயிறு கிடையாது. 1856 அக்டோபரில் லண்டன் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவருடைய கூட்டத்தில் எவனோ நெருப்பு என்று கத்தி, நெரிசலில் ஏழு பேர் செத்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அந்த அடியும் மனச்சோர்வும் சாகும்வரை போகவில்லை. வேலை செய்யாமல் இருந்தவரா அவர்? வேலை குணமாக்கும் என்றால் அவர்தான் முதலில் குணமாகியிருக்க வேண்டும். பிரான்சில் மென்டோன் என்கிற ஊருக்கு ஓய்வுக்காகப் போய்க்கொண்டே இருந்தார், 1892இல் இறந்ததும் அங்கேதான்.

தங்கஜ்யூன்_தங்கச்சி

நான் இரண்டு பேரோடும் ஒத்துப்போக மாட்டேன். நான் சண்டே ஸ்கூல் டீச்சர், எனக்கு டிபி வந்தது. ஆறு மாத மருந்து, முதல் இரண்டு மாதம் நாலு மருந்து சேர்த்து, அப்புறம் நாலு மாதம் இரண்டு மருந்து. மருந்து சரியாகச் சாப்பிட்டால் சாதாரணமாக இரண்டு வாரத்திலேயே மற்றவர்களுக்குப் பரவுகிற ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும், என் டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் சபையில் ஆறு மாதமும் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. "ஓய்வெடும்மா, ஓய்வெடும்மா" என்றார்கள். பாசத்தோடுதான் சொன்னார்கள், ஆனால் எனக்கு அது நீ வேண்டாம் என்று கேட்டது. மருந்தில் குமட்டல் வேறு, ராத்திரியில் சங்கீதம் 88ஐ மட்டும் படிப்பேன், அதுதான் கடைசி வரி வரைக்கும் விடியாத சங்கீதம்.

என்னை எழுப்பினது ஒரு சின்ன வேலை. ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் எழுதின அட்டை வேண்டும், உன் கையெழுத்து அழகு, எழுதிக்கொடு என்று தாள் கட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். சாட்சி சொல்லச் சொல்லவில்லை, தேறிவிட்டாயா என்று கேட்கவும் இல்லை. அதனால் அக்கா, அப்பாவுக்கு மேடை வேண்டாம், ஆனால் வேலை கொடுங்கள். எலியா சூரைச்செடிக்குக் கீழே சாக வேண்டும் என்று படுத்தபோது தூதன் முதலில் அடையும் தண்ணீரும்தான் கொடுத்தான், தூங்க விட்டான், திரும்பவும் சாப்பிட வைத்தான். ஆனால் அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை. எழுந்து போக ஒரு இடம் இருந்தது.

வியாசர்பாடி_பர்மாக்காரர்

நான் சென்னையில் இருக்கிறேன். 1964இல் கடையை அரசு எடுத்துக்கொண்டு, ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டு செல்லாது என்று சொன்ன வருஷத்தில், கப்பலில் வந்த குடும்பம். எங்கள் அப்பாவும் ரங்கூனில் உபதேசியாராக இருந்தவர், இங்கே வந்து கூலி வேலை செய்தார். அவர் வாயில் இருந்து சாட்சி என்று நாங்கள் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் போய் உட்கார்ந்திருப்பார்.

தங்கச்சி சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மா இருந்தார்களே, 1931இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது, அதற்குப் பிறகு 1951இல் சாகும்வரை பெரும்பாலும் படுக்கைதான். இருபது வருஷம். அந்த அறையில் இருந்தே எழுதினார்கள், பிள்ளைகளைப் பார்த்தார்கள், வேலையாட்களுக்கு யோசனை சொன்னார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள், அவர்களைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பமே அங்கே இருந்தது. சோற்றுக்கும் மருந்துக்கும் வீட்டுக்கும் கவலை இல்லை.

அதனால் கேட்கிறேன் மகளே, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கமிட்டி ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது? அப்பாவுக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்கிறதா? குடியிருக்கிற வீடு யாருடையது?

கமாயுட்_மகள்

ஐயா, அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் முதலில் விட்டேன். வீடு சபை வீடு. கிறிஸ்துமஸ் வரை முழுச் சம்பளம் கொடுத்தார்கள், ஜனவரியில் இருந்து பாதி. அந்தப் பாதி அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைக்கும் பிசியோதெரபிக்காரருக்கும் போகிறது, அரிசிக்கு என் டியூஷன் பணம். மாத்திரை விலை மாதாமாதம் ஏறுகிறது, அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கமிட்டியில் ஒரு பெரியவர் அம்மாவிடம் தனியாகச் சொன்னது இது. போதகர் மேடையில் நின்று பேசினால் சபைக்கு நம்பிக்கை வரும், இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் புதுப் போதகரைத் தேட வேண்டும், அவருக்கு வீடு வேண்டும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் எங்கள் வீட்டுக்கு வாராவாரம் மொகிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறவர். ஆனால் அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

மோல்மேன்_பேரன்

அப்படியானால் இது சாட்சியே இல்லை, பரீட்சை. பாஸானால் வீடு.

சயாமா_ஓய்வு

எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுத முடியாது. வார்த்தை வராதவரை, வார்த்தை வருகிறதா பார்க்கலாம் என்று நூறு பேருக்கு முன்னால் நிறுத்துவது என்ன அன்பு? பதற்றம் ஏறினால் அஃபேசியா இன்னும் மோசமாகத் தெரியும், வீட்டில் வருகிற சொல்கூட அங்கே வராது. பரீட்சை என்றாலும் அதைச் சரியாக வைக்கத் தெரியாதவர்கள் வைக்கிற பரீட்சை.

பெகுவாசி

கொஞ்சம் நில்லுங்கள். நான் எங்கள் சபையின் பொருளாளர். கமிட்டி என்றால் கல்நெஞ்சக்காரர்கள் என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள், அந்த மேஜையில் உட்கார்ந்து பாருங்கள். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு காணிக்கை என்ன ஆனது என்று தெரியுமா? 2024இல் ராணுவ ஆள்சேர்ப்புச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததும் வாலிபர்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் கிளம்பிப் போனார்கள். மாதாமாதம் தசமபாகம் கொடுத்த வீடுகளில் இப்போது கிழவனும் கிழவியும்தான். 2025 மார்ச் பூகம்பத்தில் மாந்தலே, சகாயிங் பக்கம் இருந்த உறவுக்காரர்களுக்கு இருந்ததையும் அனுப்பினோம். ஒரு போதகருக்கே முழுச் சம்பளம் திரட்ட முடியாத சபை, படுத்திருக்கிறவருக்கும் பிரசங்கம் செய்கிறவருக்கும் எப்படிக் கொடுக்கும்? ஞாயிற்றுக்கிழமை யாராவது மேடையில் நிற்கத்தானே வேண்டும்?

சாட்சி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான், சொல்ல முடிந்தால் சொல்லட்டும். ஆனால் வீட்டையும் சம்பளத்தையும் அதோடு கட்டியது சரியில்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்காதீர்கள், வாயால் கேட்டதற்குக் கமிட்டியில் மினிட்ஸ் கிடையாது. தேதி போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். வீட்டில் எதுவரை இருக்கலாம், பாதிச் சம்பளம் எதுவரை, டாக்டர் எந்தத் தேதியில் பார்த்துச் சொன்ன பிறகு சபை முடிவெடுக்கும். பொருளாளர்களுக்குத் தேதி இருந்தால் தூக்கம் வரும்.

வியாசர்பாடி_பர்மாக்காரர்

பெகு தம்பி இப்போது எழுதினதுதான் இந்த இழையிலேயே உருப்படியானது. வேத வசனத்தை வைத்து ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டே போகலாம், வாடகைக்கு வசனம் கிடையாது.

தங்கஜ்யூன்_தங்கச்சி

அக்கா, கடிதம் எழுதும்போது அப்பாவால் இப்போது செய்ய முடிகிற வேலையையும் எழுதுங்கள். எழுத வருமா? படிக்க வருமா? இடது கை நன்றாக இருக்கிறதே.

கமாயுட்_மகள்

சில நாளாக எழுத முடியவில்லை, நெட் சரியாக இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சயாமா சொன்னபடி படம் வரைந்து காட்டினோம். அப்பா இரண்டு தடவையும் நாற்காலிப் படத்தைத் தொட்டார், மூன்றாம் தடவை அண்ணன் கேட்டதற்கு மேடைப் படத்தைக் கையால் தள்ளிவிட்டார். அண்ணன் அதற்கு மேல் வாக்குவாதம் செய்யவில்லை. பாட்டும் முயற்சி செய்தோம். அம்மா ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார், பல்லவி முழுவதும் அப்பாவுக்கு வந்தது, சரணத்தில் சிக்கிக்கொண்டது. பாடி முடித்ததும் அவர் சிரித்தார், ஆனால் அடுத்த நிமிடமே காபி என்று கேட்க வராமல் மேஜையைத் தட்டினார். ஆகவே சயாமா சொன்னது சரி, இரண்டும் வேறுதான்.

கமிட்டிக்குக் கடிதம் எழுதினோம். இரண்டு மணி நேரக் கூட்டம், ஒருவர் எழுந்து போய்விட்டார். கடைசியில் கிடைத்தது இது. ஜட்சன் தினத்தில் சாட்சி கிடையாது. வீடு டிசம்பர் வரை, பாதிச் சம்பளமும் அதுவரை. நவம்பரில் டாக்டர் எழுதிக் கொடுக்கிறதைப் பார்த்து முடிவு. அதுவரை வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி பிரசங்கம் செய்வார், சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து தன் குறிப்பை அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அது அம்மாவின் யோசனை. போன சனிக்கிழமை முதல் தடவை வந்தார். அப்பா ஒரு இடத்தில் பென்சிலை எடுத்து இடது கையால் இரண்டு வரியை அடித்துவிட்டார், அந்தத் தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. அடித்தது சரியா என்று எனக்குத் தெரியாது, அஃபேசியாவில் படிப்பதும் குழம்பும் என்கிறார்களே. தம்பி அந்த இரண்டு வரியைச் சொல்லாமல்தான் பிரசங்கம் செய்தார்.

நவம்பருக்குப் பிறகு என்ன என்று தெரியாது. சென்னையில் அத்தை வீடு இருக்கிறது, பாஸ்போர்ட் எடுக்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

பெகுவாசி

டிசம்பர் வரை எழுத்தில் வாங்கினீர்களே, அது நல்ல காரியம். மினிட்ஸ் நகல் ஒன்று கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். எனக்கு இன்னும் மனதில் இருப்பது, அவர் ஒரு நாள் சபைக்கு முன்னால் வர வேண்டும். இந்த ஜூலை இல்லாவிட்டால் அடுத்த ஜூலை.

மோல்மேன்_பேரன்

வரலாம், வராமலும் இருக்கலாம் அண்ணே. அதை அவரிடமே விடுங்கள். அக்கா, அந்த ஜட்சன் தினத்தில் பிரசங்கம் செய்யப்போகிற தம்பிக்கு நான் எழுதின குடிசைப் பகுதியைக் காட்ட முடியுமா? அவர் சொன்னால் எனக்குச் சந்தோஷம். அப்பா அடித்தால் அதுவும் சரி.

சயாமா_ஓய்வு

சனிக்கிழமை வேலை நல்ல வேலை, ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பக்கவாதத்துக்குப் பிறகு வருகிற களைப்பு சாதாரணக் களைப்பு இல்லை. வாசிக்கும்போது டிவி, விசிறிச் சத்தம் எல்லாம் நிறுத்திவிடுங்கள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். மாத்திரை விலை ஏறுகிறது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம் மகளே, ரத்த அழுத்தம் ஏறினால் இரண்டாவது தடவை வரலாம். இதைவிட மலிவான வேறு கம்பெனி மாத்திரை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேள், பெரும்பாலும் இருக்கும். இன்செயினில் என் தங்கை வீட்டில் நாலு கால் வாக்கர் ஒன்று சும்மா கிடக்கிறது, அவள் மாமியார் வைத்திருந்தது, ரப்பர் மட்டும் தேய்ந்திருக்கும். ஆனால் அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், அப்பாவுக்குச் சரிப்படுமா என்று பிசியோதெரபிக்காரரிடம் கேட்டுக்கொள். யாரையாவது அனுப்பு, ஞாயிறு மத்தியானம் அவள் வீட்டில்தான் இருப்பாள், விலாசம் தனியாக அனுப்புகிறேன்.